பிரசாந்தி வீட்டுக் கமராவுக்குச் சொன்னவை

சுபாஸ்கரனுக்குச் சொந்தம் என்று இருப்பது ஓர் அறையும் ஒரு சைக்கிளும்தான். ஆனால் இடுப்பில் நாலு வீட்டுத் திறப்புக் கொத்துத் தொங்கும். அவர் ஒழுங்கைக்குள் வந்தால் கோயில் மாடு வருகிற மாதிரிச் சத்தம் கேட்கும்.

நாலும் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கிற வீடுகள். ஒன்று சுவிஸ், ஒன்று லண்டன், இரண்டு கனடா. முற்றம் கூட்டுவது, மோட்டாரைப் போட்டுப் பார்ப்பது, மாலை ஆறு மணிக்குச் சாமியறையில் விளக்கு வைத்து வெளி லைற்றைப் போடுவது எல்லாம் சுபாஸ்கரனின் வேலை. வீடு இருண்டு கிடக்கக் கூடாதாம். ஆள் இல்லாமல் கிடந்தால் பரவாயில்லை.

விளக்கு வைத்ததை வெளிநாட்டில் இருப்பவர்கள் நம்ப வேண்டுமே! அதற்குத்தான் ஒவ்வொரு கேற்றுத் தூணிலும் ஒரு கமரா. வேலை முடிந்ததும் அதற்கு முன்னால் நின்று முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஐம்பத்தாறு வயதில் பள்ளிக்கூட வரவு இடாப்பு.

மூன்று கமராக்கள் ஊமை. நாலாவது, கனடாவில் இருக்கிற பிரசாந்தியின் மேல்மாடி வீட்டுக் கமரா, கதைக்கும். இங்கே ஆறு மணி என்றால் அங்கே விடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம்.

“அண்ணை, உந்த வாழைக்குலையை ஒருக்காக் காட்டுங்கோ. முத்திட்டுதோ?”

“இல்லைத் தங்கச்சி, இன்னும் பத்து நாள் செல்லும்.”

கலியாணம் கட்டாத மனுசனுக்கு ஒரு நாளில் கிடைக்கிற முழுக் கதையும் அவ்வளவுதான். அதனால் அதை நீட்டுவதற்கு வழி பார்த்தார். ஒருநாள் முற்றம் கூட்டுகிற தும்புத்தடிக்குத் தன் பழைய சேட்டு ஒன்றைக் கொழுவி, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து, கமராவுக்கு நேரே நிறுத்திவிட்டு மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

“ஐயோ அண்ணை! உவன் ஆர்?”

“உவரோ? எனக்கு லீவு வேணுமெண்டால் வேலைக்கு வாற ஆள்.”

பிரசாந்தி சிரித்த சிரிப்பில் மதிலில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. அந்தச் சிரிப்பைச் சுபாஸ்கரன் ஒரு கிழமை வைத்துச் சாப்பிட்டார்.

பங்குனியில் ஒரு மழை பெய்தது. அதற்குப் பிறகு கமரா கதைக்கவில்லை. தண்ணீர் போயிருக்கும், வாய்தான் பழுது, காது நல்லாயிருக்கும் என்று அவராகவே முடிவு கட்டினார். அந்த நம்பிக்கையில் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டே இருந்தார். பதில் வராததால் சொல்ல வேண்டியது கூடிக்கொண்டே போனது. முழங்கால் நோ, மாமரத்தில் பூச்சி, சந்தையில் வெங்காயம் விற்றவன் போட்ட சண்டை. ஐந்து நிமிடம் இருபது நிமிடமானது.

வைகாசியில் பொலிஸ் ஸ்ரேசனில் ஒரு புதுத் திட்டம் வந்தது. ஒழுங்கைகளில் களவு கூடிவிட்டதால், றோட்டைப் பார்க்கிற தனியார் கமராக்களை, வீட்டுக்காரர் சம்மதித்தால், ஸ்ரேசனில் இருக்கிற பெரிய திரையோடு இணைப்பார்களாம். நாலு வீட்டுக்காரரிடமும் வட்ஸ்அப்பில் சம்மதம் கேட்டவர் சுபாஸ்கரன்தான். நாலு பெருவிரல் படம் வந்தது. அதில் ஒன்று பிரசாந்தியுடையது. அவர் அந்தப் பெருவிரலை இரண்டு நாள் எடுத்து எடுத்துப் பார்த்தார்.

கமரா பூட்டுகிற தனோஜன் வந்து இணைத்துவிட்டுப் போனான். பொலிஸுக்கு றோட்டு மட்டும்தானே தேவை என்று நினைத்துச் சுபாஸ்கரன் தன் பாட்டில் இருந்தார்.

“தங்கச்சி, ஒழுங்கை நாய் கறுப்பி உங்கடை தண்ணித் தாங்கிக்குக் கீழை ஆறு குட்டி போட்டிருக்கு. இஞ்சை பாருங்கோ.” ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். “இதுக்கு மட்டும் வால் நுனி வெள்ளை. பிறகு, மகாதேவியக்கான்ரை ஆடு களவு போய் மூண்டு மாதம். பொலிஸ் இன்னும் விசாரிக்குதாம். ஆடு இப்ப பேரப்பிள்ளையும் கண்டிருக்கும்.”

ஆனி மாதம் கமராவைக் கொஞ்சம் திருப்ப வேண்டும் என்று தனோஜன் மறுபடியும் வந்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு சுபாஸ்கரன் கேட்டார்.

“தம்பி, அப்பிடியே உதின்ரை சத்தத்தையும் ஒருக்காத் திருத்திவிடன்.”

“சத்தத்துக்கு என்ன?”

“மழையிலை பழுதாப் போச்சு.”

தனோஜன் கைபோனைத் தட்டி அதற்குள் ஒரு வார்த்தை சொன்னான். “ஹலோ!” என்று தூண் கத்தியது.

“நல்லா வேலை செய்யுது அண்ணை. அக்கா திறந்து பாக்கிறேல்லைப் போல. ஆள் அசைஞ்சா அவவின்ரை போனிலை மணி அடிக்கும். அதையும் பங்குனியிலை நிப்பாட்டி வைச்சிருக்கிறா. ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு அடிச்சா ஆருக்கும் கரைச்சல்தானே.”

ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு அசைகிற ஆள் யார் என்று தனோஜன் யோசிக்கவில்லை. சுபாஸ்கரன் ஏணியை இறுக்கிப் பிடித்தார். பிடிக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை.

அன்றிலிருந்து விளக்கை வைத்தார், லைற்றைப் போட்டார், கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனார். குட்டிகளில் இரண்டை மகாதேவியக்கா கேட்டு வாங்கிக்கொண்டு போனதைக்கூட யாருக்கும் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலை அவருடைய அறை வாசலில் பொலிஸ் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் பொலிஸைக் கண்டால் ஒன்றும் செய்யாதவன்தான் முதலில் பயப்படுவான். சுபாஸ்கரன் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

“நீங்கள்தானே சுபாஸ்கரன்? நான் எமில்ராஜ். ஸ்ரேசனிலை கமராத் திரை பாக்கிறது நான்தான்.”

“சேர், நான் ஒண்டும் செய்யேல்லை.”

“அதுதான் பிரச்சினை. மூண்டு நாளா ஒண்டும் செய்யிறியள் இல்லை. சுகமில்லையோ?”

சுபாஸ்கரனுக்கு விளங்கவில்லை. எமில்ராஜ் தொப்பியைக் கழற்றினான். முப்பது வயது இருக்கும். மன்னார்க்காரன். வந்து ஆறு மாதம், மெஸ்ஸில் சாப்பாடு, இரவெல்லாம் நுளம்புக்கடி என்றான்.

“எனக்குச் சத்தமும் கேக்கும் அண்ணை.”

“எல்லாமோ?”

“எல்லாம். அந்த ஆட்டை இன்னும் பிடிக்கேல்லை.”

சுபாஸ்கரனின் காது சிவந்தது. “ஐயோ சேர், அது பகிடிக்குச் சொன்னது.”

“பகிடியெண்டு தெரியும். ஸ்ரேசன் பெரியவருக்கும் போட்டுக் காட்டினனான். அவர் சிரிக்கேல்லை.” பிறகு மெதுவாகக் கேட்டான். “அந்த வெள்ளை வால் குட்டியை ஆரும் கொண்டுபோயிட்டினமோ?”

“இல்லை. நிக்குது.”

எமில்ராஜ் தலையாட்டினான். போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனான்.

அன்று மாலை விளக்கை வைத்துவிட்டுச் சுபாஸ்கரன் வெகுநேரம் முற்றத்தில் நின்றார். ஒருவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். ஆனால் அவர் சொன்னது அவனுக்கு இல்லையே. பிறகு தும்புத்தடியை எடுத்து, சேட்டைக் கொழுவி, சட்டியைக் கவிழ்த்து, கமராவுக்கு நேரே நிறுத்தினார். மதிலுக்குப் பின்னால் போய்க் குந்தினார். முழங்கால் நொந்தது.

தூண் கதைக்கவில்லை.

மடிக்குள் போன் அடித்தது. எடுத்தால் மறுபக்கத்தில் எமில்ராஜின் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன.

“அண்ணை! உவன் ஆர்?”

சுபாஸ்கரன் போனைக் காதில் வைத்தபடியே எழும்பி, தூணை ஒருக்கால் பார்த்தார். அது கதைக்குமோ என்று இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, “எனக்கு லீவு வேணுமெண்டால் வாற ஆள் தம்பி,” என்றார். “பொறுங்கோ, குட்டியைக் கொண்டுவாறன்.”