வெளியே போன நேரம்

நகரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் அந்த இடம் வரும். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு ஒடுங்கி, இரைச்சலோடு இறங்கிப் போகும். அரசாங்கப் பலகையில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தாலும், போகிறவர்கள் எல்லோரும் இடுக்கு என்றே சொல்வார்கள். அங்கே யார் போனாலும் முதலில் கேட்டில் டிக்கெட் கிழிக்கிற பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். பிளாஸ்டிக் பையை இங்கேயே வை, கம்பியைத் தாண்டிக் காலை வைக்காதே, தண்ணீரைப் பார்த்ததும் இறங்கிவிடாதே என்று டிக்கெட்டோடு சேர்த்து நாலு திட்டும் கொடுப்பாள். மாலை நாலரைக்கு அவள் ஊதுகிற விசில் அடிமட்டம் வரைக்கும் கேட்கும். அதனால் காவலர்களுக்கும் எதிரே டீக்கடை போட்டிருந்தவருக்கும் அவள் விசிலக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் முடி வெட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். முடி வெட்ட இவ்வளவு நாள் ஆகாது என்று அவளுக்கு உறைக்க ஒரு வாரம் பிடித்தது. மூன்று மாதம் கழித்து வேறொரு ஊரில் அவனைப் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். நன்றாகத்தான் இருக்கிறானாம், மீசை கூட வைத்திருக்கிறானாம். அதற்குப் பிறகு அவள் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். தம்பி மனைவி ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனால் அவளுக்குக் கிடைத்த இடம் ஃபிரிட்ஜுக்கும் பின்வாசலுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவு. ராத்திரி யாருக்காவது தண்ணீர் தாகம் எடுத்தால் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும்.

கேட்டுக்குப் பின்னால் இரண்டு அறை குவார்ட்டர்ஸ் ஒன்று பூட்டிக் கிடந்தது. ஒன்பது வருஷ தினக்கூலியை நிரந்தரமாக்கும் ஃபைல் மேலே போயிருந்தது. அது கையெழுத்தாகி வந்தால் அந்த வீடும் அவளுக்கு. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்பது வரைக்கும் அவள் முடிவு செய்திருந்தாள். கட்டில் இன்னும் வாங்கவில்லை, அது வேறு விஷயம்.

இனி அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லா வம்பும் அதில்தான் ஆரம்பித்தது. உள்ளே போகிறவர் பெயர், போன் நம்பர், உள்ளே போன நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து என்று கட்டம் போட்ட பெரிய நோட்டு. உள்ளே போகும்போது எல்லோரும் ஒழுங்காக எழுதுவார்கள். திரும்பும்போது எவனுக்கு அந்த ஞாபகம் இருக்கிறது? கால் வலி, பசி, பஸ் போய்விடுமே என்ற அவசரம். பாதிக் கட்டம் காலியாகவே கிடக்கும். ஒருமுறை தணிக்கைக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு வனத்துறை ரேஞ்சரை நாலு பேர் முன்னால் ஒரு பிடி பிடித்தார். ரேஞ்சர் அந்தக் கோபத்தை அப்படியே கொண்டுவந்து அவள் மேஜையில் இறக்கினார். இனிமேல் ஒரு கட்டம் கூடக் காலியாக இருக்கக்கூடாது என்றார். எப்படி என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு, காவலர்கள் இரண்டு பேரும் பாதை முழுக்கச் சுற்றி வந்து கீழே யாரும் இல்லை என்று சொன்னதும், வண்டி நிறுத்துமிடம் காலியா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மிச்சக் கட்டங்களை அவளே நிரப்புவாள். நாலு நாற்பது, நாலு நாற்பத்தைந்து, நாலு ஐம்பது. நீல மையும் கறுப்பு மையும் மாற்றி மாற்றி, கையெழுத்தும் விதவிதமாக. இதில் கொஞ்சம் பெருமை கூட உண்டு அவளுக்கு. ஆள் வெளியே போனது நிஜம், நேரம்தானே முன்னே பின்னே, இதில் யார் குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தாள். இரண்டு வருஷம் யார் குடியும் முழுகவில்லை.

அந்த வியாழக்கிழமை நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்த கூட்டம் தலையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு மொத்தமாகக் கேட்டை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடியது. அவர்களை நிறுத்திக் கையெழுத்து வாங்க அவள் என்ன மல்யுத்தமா பழகியிருக்கிறாள்? காவலர்கள் போய்விட்டுச் சீக்கிரமாகவே திரும்பி, கீழே யாரும் இல்லை என்றார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு சைக்கிள் கூட இல்லை. அவள் உட்கார்ந்து இருபத்தாறு கட்டங்களை நிரப்பிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கேட்டைத் திறக்கும்போதே ஒரு பெண் காத்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், முந்தின நாள் புடவை. அவள் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். நேற்று மத்தியானம் வேனை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிப் போனவர் வீடு திரும்பவில்லை. மூன்று நாற்பதுக்கு ஆற்றை ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார், கூட ஒரு வார்த்தை இல்லை. பிறகு போன் அணைந்துவிட்டது. போட்டோவைக் காட்டி, இந்த இடம்தானே என்று கேட்டாள்.

விசிலக்கா பதிவேட்டைத் திருப்பி அந்தப் பெயர் மேல் விரலை வைத்தாள். வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது.

"நாலு அம்பதுக்கு வெளிய போயிருக்காரும்மா."

சொல்லி முடித்த பிறகுதான் கண் அந்தக் கட்டத்தை ஒழுங்காகப் பார்த்தது. நீல மை. சாய்ந்த நாலு. அவளுடைய நாலு. தான் எழுதியதைத் தானே ஏதோ சாட்சி சொன்னது மாதிரி படித்துக் காட்டியிருக்கிறாள். அப்போதே, ஏழு மணி பத்து நிமிஷத்துக்கே, வாயைத் திறந்திருக்கலாம். பதிவேட்டை மூடி மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள்.

அந்தப் பெண் பக்கத்துச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து போலீசுக்குப் போன் செய்தாள். எட்டரைக்கு ஒரு போலீஸ்காரர் வந்து பதிவேட்டைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். வெளியே போனவரை இங்கே தேடி என்ன பிரயோஜனம், பஸ் ஸ்டாண்டு, லாட்ஜு, சொந்தக்காரர் வீடு என்று பாருங்கள், நாங்களும் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது அந்த நாலு ஐம்பது போலீஸ் வரைக்கும் போய்விட்டது.

விசிலக்கா தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மழையில் ஓடிய கூட்டத்தில் அவரும் இருந்திருப்பார். இருந்தே இருப்பார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. காவலர்களைத் தனியாகப் பிடித்து, நேற்று எதுவரைக்கும் போனீர்கள் என்று விசாரித்தாள். ஒருவன் தலையைச் சொறிந்தான். படி வழுக்கியது அக்கா, இரண்டாவது மேடையோடு திரும்பிவிட்டோம் என்றான். ஆற்றைப் பார்க்க வழியில் போட்டிருந்த மேடைகள் மொத்தம் மூன்று. பொய் சொன்னது தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள், துணைக்கு ஆள் இருந்தார்கள். அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

குப்பைத் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு சாக்குச் சொல்லி அவளே இறங்கினாள். யாருக்கும் தெரியாமல் தானே அந்த மனுஷனைக் கண்டுபிடித்துவிட்டால் எதையும் சொல்லவேண்டியதில்லை. அவள் கணக்கு அவ்வளவுதான். இரண்டாவது மேடையில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டாள். மழைத் தண்ணீரில் ஆறு இரண்டு மடங்கு சத்தம் போட்டது. மூன்றாவது மேடைக்குப் போகிற படி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அதைத் தாண்டத் தைரியம் வராமல் திரும்பினாள். ஏறும்போது ஒவ்வொரு படியிலும் அந்த இரண்டு அறையும் ஃபைலும் ஞாபகத்துக்கு வந்தன. அதற்காக அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆனாலும் ஞாபகம் வந்துகொண்டுதான் இருந்தது.

மேலே வந்தபோது மணி பத்து. அந்தப் பெண் பெஞ்சிலேயே இருந்தாள். விசிலக்கா டீ வாங்கிக் கொடுத்தாள். குடிக்காமல் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். நேற்றுக் காலை சண்டையாம். பெரிய விஷயம் எதுவும் இல்லை, மகளுக்கு வந்த வரனை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இவள் கோபத்தில், எங்கேயாவது போய்த் தொலைங்க, அப்பத்தான் எனக்கு நிம்மதி என்று சொல்லிவிட்டாள்.

"நான் சொன்ன மாதிரியே போயிட்டாரு. இங்க வந்து உக்காந்து யோசிச்சுட்டு, அஞ்சு மணிக்கு முன்னாடி எந்திரிச்சு எங்கேயோ போயிட்டாரு. போகட்டும். எங்க இருந்தாலும் உயிரோட இருந்தா போதும். அது வரைக்கும் இந்த நோட்டு எனக்குச் சொல்லிடுச்சு."

இதைக் கேட்டதும் விசிலக்காவுக்குப் புதிதாக ஒரு சாக்குக் கிடைத்தது. சொன்னால் இவளுடைய நம்பிக்கையை அல்லவா பிடுங்குவோம்? விட்டுப்போனவன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்பதில் ஒரு நிம்மதி உண்டு, அதை அவளை விட யார் அறிவார்? இப்படி இரக்கத்தைப் போர்த்திக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் மென்று விழுங்கினாள்.

பதினோரு மணி பஸ் வந்து நின்றது. அந்தப் பெண் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். நகரத்துக்குப் போய் லாட்ஜு லாட்ஜாகக் கேட்கப் போகிறாளாம். டீக்கு நன்றி சொன்னாள். அவள் அந்த பஸ்ஸில் ஏறிவிட்டால் இனி இந்தப் பள்ளத்துக்குள் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்பது விசிலக்காவுக்கு வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது. ஓடிப் போய்க் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஏறாதீங்க. அந்த நேரத்த எழுதினது நான். அவர் வெளிய வந்தத நான் பாக்கல."

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பள்ளத்தாக்கின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். பஸ் போய்விட்டது.

ரேஞ்சர் அரை மணியில் வந்தார். தீயணைப்பு வண்டிக்குச் சொன்னார், போலீசுக்குச் சொன்னார், பிறகு விசிலக்காவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கட்டத்தை நிரப்பினேன் அது இது என்று உளறாதே என்றார். இவர் வெளியே போனதைப் பார்த்த ஞாபகம் இல்லை என்று பதினோரு மணிக்குத் திடீரென்று உனக்குத் தோன்றியது, அவ்வளவுதான், அந்தப் பெண்ணிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். காலிக் கட்டம் கூடாது என்று சொன்னது யார் என்பது அவருக்கும் மறக்கவில்லை.

ஒன்றரை மணிக்கு வேன்காரரைத் தூக்கி வந்தார்கள். மழைக்கு ஒதுங்க இரண்டாவது மேடைக்குப் பக்கத்தில் கம்பியைத் தாண்டியிருக்கிறார், பாறை வழுக்கிவிட்டது. காலையில் அவள் நின்று கூப்பிட்ட இடத்துக்கு இருபதடி கீழே, இரண்டு கற்களுக்கு நடுவில் இடது கால் சிக்கிக் கிடந்தார். உயிர் இருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மனைவி ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டே ஓடினாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அந்த இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ரொம்ப நேரம் ரத்தம் ஓடாமல் கிடந்துவிட்டதாம். எந்த மணி நேரத்தில் கால் செத்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். டீக்கடைக்காரர் விசாரித்துக்கொண்டு வந்து இதைச் சொன்னபோது விசிலக்கா டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். ஏழு பத்திலிருந்து பதினொன்று வரை என்று அவள் மனசு தானாகக் கூட்டியது. நாலு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் குறைவு.

பத்தாம் நாள் நிரந்தர உத்தரவு வந்தது. கூடவே, ரேஞ்சர் எழுதிய அறிக்கையை வைத்து ஒரு பாராட்டுக் கடிதம்: விழிப்போடு செயல்பட்டு ஓர் உயிரைக் காப்பாற்றிய பணியாளராம். தம்பி அதைக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும் என்றான். குவார்ட்டர்ஸ் சாவியைக் காவலன் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். அவள் அதை எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வார்டுக்கு வெளியே அந்தப் பெண் உட்கார்ந்து ஒரு துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருக்கிற காலத்தில் நீங்கள் சொன்னீர்களே என்றாள். ரேஞ்சர் எல்லாம் சொன்னார், அந்த நேரத்தில் உங்களுக்கு ஞாபகம் வராமல் போயிருந்தால் நான் பஸ் ஏறியிருப்பேனே என்று கண் கலங்கினாள். விசிலக்கா அந்தக் கைகளை மெதுவாக விடுவித்தாள்.

"பதினோரு மணிக்கு ஞாபகம் வரலம்மா. நீங்க வந்து கேட்டப்பவே தெரியும். வேலை போயிடும்னு பயந்து வாய மூடிட்டு இருந்தேன்."

நர்ஸ் ஒருத்தி மருந்துத் தட்டோடு அவர்களைத் தாண்டிப் போனாள். அந்தப் பெண் மடித்த துணியைப் பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"இத எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? காலு அவரோடது. போய் அவர்கிட்ட சொல்லுங்க."

கதவை அவளே தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வேன்காரர் தலையணையில் சாய்ந்திருந்தார். வந்திருப்பது யார் என்று ஊகித்துவிட்டார் போலிருக்கிறது, முகம் மலர்ந்தது. நாற்காலி எதுவும் இல்லை. வாங்கம்மா, இப்படி உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டே, கட்டிலின் கால்மாட்டில் இடம் கொடுப்பதற்காக வலது காலை மடக்கிக்கொண்டார். இடது பக்கம் ஏற்கெனவே இடம் இருந்தது.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள்.

"அண்ணே, அன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு உங்க வீட்டம்மா வந்தாங்க…"