மாறி வந்த அட்டை

அவருக்கு அட்டை மெக்கானிக் என்று பெயர். ஒட்டினால் விடமாட்டார் என்பதால் வந்த பெயர் என்று கிண்டல் செய்பவர்களும் உண்டு. உண்மைக் காரணம் வேறு. எதுவோ ஒழுகுகிறது என்று யார் வண்டியைக் கொண்டுவந்தாலும், ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுத்துவிடுவார். "ராத்திரி வண்டிக்கு அடியில போடுங்க, காலையில எடுத்துட்டு வாங்க." சொட்டு விழுந்த இடமும் நிறமும் பாதி வேலையைச் சொல்லிவிடும். முதலில் இன்ஜினைப் பிரித்துவிட்டுப் பிறகு யோசிக்கிற ஆசாமிகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

அப்படிப்பட்ட மூன்று ஆசாமிகளைத் தாண்டித்தான் ரத்தக்காரர் அவரிடம் வந்தார். கிளினிக்குகளில் எடுக்கும் ரத்த சாம்பிள்களைக் குளிர்பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுபோகிற வேலை அவருக்கு. இரண்டு மாதமாக பைக்கில் இன்ஜின் சூட்டைத் தணிக்க ஊற்றும் பச்சைக் கூலண்ட் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. இரண்டு தடவை நடுரோட்டில் இன்ஜின் கொதித்து நின்று, சாம்பிள்கள் வீணாகிவிட்டன. மூன்றாவது தடவை நின்றால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"ஒருத்தர் ரேடியேட்டர் மூடிய மாத்தினாரு, ஒருத்தர் ஃபேன மாத்தினாரு, இன்னொருத்தர் பம்ப மாத்தினாரு."

"தலைவலிக்குத் தலையணைய மாத்தியிருக்காங்க" என்றார் மெக்கானிக்.

கை பொறுக்கும் அளவுக்குச் சூடு தணியட்டும் என்று காத்திருந்து, ரேடியேட்டரில் காற்றழுத்தக் கருவியை மாட்டிப் பம்ப் அடித்தார். ஏறிய முள் இறங்கவில்லை. ஆயிலிலும் தண்ணீர் கலக்கவில்லை. அப்படியானால் சூட்டில் ஏதோ ஒரு ஓஸின் ரப்பர் உப்பி அடைத்துக்கொள்கிறது, ஆறிய பிறகு சுருங்கி ஒழுகுகிறது. முழுக்க ஆறும்வரை வண்டியை விட்டுப்போக ரத்தக்காரரால் முடியாது. கூலண்ட் டப்பாவில் மார்க்கரால் ஒரு கோடு கிழித்து, அட்டையைக் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் அட்டை வந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை. டப்பாவிலோ கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

மெக்கானிக் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அவர் கொடுத்தது டயர் டியூப் வந்த பெட்டி. வந்திருப்பது சோப்புப் பெட்டி, வாசனைகூட இன்னும் போகவில்லை.

"வீட்ல முதல்ல எழுந்திரிக்கிறது யாரு?"

"என் மாமனார். எங்களோடதான் இருக்காரு. அஞ்சு மணிக்கே எழுந்து வாசலக் கழுவி, வண்டியத் தொடச்சு வெச்சிருவாரு. வண்டியத் தொடாதீங்கன்னு ஒரு தடவ சத்தம்கூடப் போட்டேன், கேக்கல."

மெக்கானிக் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஒரு அட்டையில் நாலு சொட்டைக் காட்டப் பயந்து வேறொரு அட்டையை வைத்து அனுப்புகிற ஆளை இத்தனை வருடத்தில் அவர் பார்த்ததில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதற்குள் இங்கே ஒருவரின் பிழைப்பு போய்விடும் போலிருந்ததே, அதுதான் அவருக்கு ஆத்திரம்.

அடுத்த நாள் விடியற்காலை ரத்தக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றார். மாமனார் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, பச்சை ஈரத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். இவர் கையிலிருந்த டார்ச்சைப் பார்த்ததும் துணியைப் பின்னால் மறைத்தார்.

"பெரியவரே, அந்த டியூப் பெட்டி எங்க?"

கிழவர் துணியைக் கீழே போட்டார். பிறகு மடை திறந்தமாதிரி கொட்டினார். "ரெண்டு மாசம் முன்ன ஒரு சாயங்காலம், மருமகன் வந்து நிறுத்தின சூட்டோட, தரையக் கழுவ வண்டிய நகத்தினேன். சாஞ்சிருச்சு. எப்படியோ தூக்கி நிறுத்திட்டேன். ஒண்ணும் ஆகலன்னு நெனச்சேன். மறுநாள்லேருந்து சொட்டுது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே? அவருக்கு வேலையே போகப் பாத்துச்சு."

"மருமகன் வீட்ல ஒட்டிக்கிட்டு இருக்கறவன் தம்பி நான். சோறு போடுற வண்டிய ஒடச்சுட்டேன்னு எந்த வாயால சொல்றது?"

மெக்கானிக்கின் ஆத்திரம் அப்படியே வடிந்துபோனது. படுத்துக்கொண்டு டார்ச் அடித்தார். ரேடியேட்டரின் கீழ் ஓஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. வண்டி சாய்ந்தபோது வாங்கிய இடி. அதன் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. கிளாம்பை மாற்றி, கூலண்ட் ஊற்றி, காற்றை வெளியேற்ற அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"வண்டி ஆட்டத்துல கழண்டுச்சுன்னு சொல்லிருங்களேன்" என்று கெஞ்சினார் கிழவர்.

"பொய்க் காரணம் சொல்லி நான் இதுவரைக்கும் வண்டி கொடுத்ததில்ல. நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும்."

குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரத்தக்காரர் வெளியே வந்தார். கிழவர் தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார், அட்டையை மாற்றியது உட்பட. மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

ரத்தக்காரர் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். "எந்தப் பக்கம் சாஞ்சுச்சு?"

"வலது பக்கம்."

"நீங்க எந்தப் பக்கம் நின்னீங்க மாமா?"

கிழவர் வலது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ரத்தக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, மாமனாரின் கால்சட்டை விளிம்பை மெல்லச் சுருட்டினார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குச் சைலன்சர் சூடு பட்டுப் பொசுங்கிய தோல், ஓரங்களில் இன்னும் ஆறாமல் நீர் வடிந்துகொண்டிருந்தது. அதையும் ஏதோ ஒரு துணியால்தான் பாதி மறைத்துக் கட்டிவைத்திருந்தார்.

மெக்கானிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வண்டியைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டும், தான் இதைக் கேட்கவில்லையே.

ரத்தக்காரர் போனை எடுத்தார். "சார், இன்னைக்கு முதல் ரவுண்டுக்கு லேட்டாகும். இல்ல சார், வண்டி நல்லாத்தான் இருக்கு. என் மாமனார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்." மறுமுனையில் சத்தம் வெளியே கேட்கும் அளவுக்கு இருந்தது. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குளிர்பெட்டியை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, பின்சீட்டைக் கையால் தட்டினார்.

"ஏறுங்க மாமா. மெதுவா."