கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள்

முன்பின் தெரியாதவர்களின் பாதத்தைக் கையில் ஏந்தி, "தொடுறது தெரியுதா?" என்று நாளெல்லாம் கேட்பதுதான் என் பிழைப்பு. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில், சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் பார்க்கும் அறை. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மீன் முள் போன்ற ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொடுவேன். உணர்ச்சி இருந்தால் "தெரியுது" என்பார்கள். கான்வென்ட்டில் படித்த எனக்கு, மூடிய கண்களைப் பார்த்தாலே ஜெப நேரம் மாதிரி இருக்கும்.

இதைப் படிக்கிற, சுகரோடு குடித்தனம் நடத்தும் உங்களிடம் மறைப்பானேன்? மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கும் சுகர் வந்தது. பிரசவத்துக்குப் பிறகு திரும்ப ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். அவள் இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறாள். நான் இன்னும் ரத்தம் பார்க்கவில்லை. பயம். அவள் தூங்கிய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

பாஸ் மார்க்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அவர். கண்ணை மூடியபடி "தெரியுது... தெரியுது..." என்று தாளம் தப்பாமல் சொல்லிக்கொண்டே வந்தார். நான் இழையை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். "தெரியுது" என்றார். பக்கத்தில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உணர்ச்சி குறைந்த காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று கொடுப்போம். அடிப்பாகம் மெத்தென்று, பட்டை அகலமாக இருக்கும். அதை வாங்கித் திருப்பி, தையலை விரலால் நீவிப் பார்த்தார். வேலை சுத்தம் என்று ஒப்புக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்: "ஆனா சிஸ்டர், செருப்பப் பாத்தே ஆள எடை போடுற ஊரு எங்களுது. இதப் போட்டுனு எப்படி கம்பெனி கேட்டுக்குள்ள போவேன்?"

தனி டீ

பேரணாம்பட்டிலிருந்து வரும் ஷமீம் அம்மாவுக்குக் கண் பாதி மங்கல். பீடி சுற்றுவதை விரல் நுனியே பார்த்துக்கொள்கிறது என்பார். இழை பட்டால் சிரிப்பார், கூசுகிறதாம். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்கு அன்றைய பொழுது நல்ல பொழுது.

கண் தெரியாததுதான் ரொம்பப் பேஜாரா என்று ஒருநாள் கேட்டேன். இல்லையாம். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், 'ஷுகர்காரம்மாவுக்குத் தனி டீ!' என்று யாராவது உள்ளே பார்த்துக் கத்துகிறார்களாம். "சக்கரை இல்லாத டீ குடிச்சிடுவேன் பேட்டா. ஆனா எங்கப்பா எனக்கு ஷமீம்னுதான் பேர் வெச்சாரு, ஷுகர்னு வெக்கல."

ஏரித் தண்ணீர்

காவேரிப்பாக்கத்து வாத்தியார், ரிட்டையர் ஆனவர். இடது காலில் விரல்களை எடுத்தாயிற்று. மிச்சத்தில் உணர்ச்சி இல்லை. கண்ணை மூடச் சொன்னால் அப்படியே தூங்கிவிடுவார். எழுப்ப மனம் வராது. ஜன்னல் வெயில் வந்து அந்தப் பாதத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். ஃபேன் சத்தத்தில், கையில் இழையோடு நானும் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பேன். ஒருநாள் முழித்தவர் கூச்சத்தோடு சொன்னார்: "கனவுல ஏரியில எறங்கி நிக்கிறேம்மா. பாதத்துல தண்ணி ஜில்லுனு ஏறுது. கண்ணத் தொறந்தா அது மட்டும் நின்னுபோய்டுது."

என் முறை

நேற்று மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும், கூட வேலை செய்யும் ஸ்டெல்லா அக்கா என் கையிலிருந்து இழையைப் பிடுங்கிக்கொண்டார். "ஊர்க் காலெல்லாம் பாக்குற. உன் டெஸ்ட்டுக்கு மட்டும் இன்னாடி, நல்ல நாள் பாக்குறியா? உக்காரு."

பார்க்க வேண்டியது ரத்தத்தை, காலை அல்ல என்று இருவருக்குமே தெரியும். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினேன். இருட்டுக்குள் என் மகள் கையை நீட்டிக்கொண்டு தத்தித் தத்தி வந்தாள். எதிரே ஓடிப்போய்ப் பிடிக்க எனக்குக் கால் இருக்கிறதா இல்லையா, அதுமட்டும் தெரியவில்லை. "தெரியுது" என்றேன். மறுபடியும் சொன்னேன்: "தெரியுதுக்கா." அக்காவின் கை மெதுவாக என் தோளில் வந்து உட்கார்ந்தது. "நான் இன்னும் தொடவே இல்லடி."

நாளைக் காலை வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கப் போகிறேன். கண்ணை மூடிக்கொண்டு "தெரியுது" என்று சொல்லிப் பாஸாக முடியாத பரீட்சை அது ஒன்றுதான்.