கிட்டுச்சாமி அண்ணன் இறக்கி வைத்த அரைக் கட்டை

கிட்டுச்சாமி அண்ணன் போய்விட்டார்.

காலையில் எங்கள் ட்ரூப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த செய்தி. நெஞ்சு வலி என்று பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கொல்லங்கோடு தாண்டும் முன்பே...

உங்களில் பலருக்கு இந்தப் பெயரே தெரியாது. ஆனால் மூணாறு எஸ்டேட் திருவிழாக்களில் நான் பாடி நீங்கள் கை தட்டிய அத்தனை கானமேளாக் கச்சேரியிலும் அவர் இருந்தார். நோட்டீஸில் என் போட்டோ பெரிதாக இருக்கும். அவர் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் சேரில்.

கீபோர்டு, புல்லாங்குழல், மாண்டலின், தபலா... எந்த ஆள் வரவில்லையோ அந்த வாத்தியம் அண்ணன் கைக்குப் போய்விடும்.

ஒரு வருஷம் போடிமெட்டில் பனிமூட்டம். வாத்தியக்காரர்கள் வந்த ஜீப் பாதியில் நின்றுவிட்டது. நானும் அண்ணனும் பாட்டுக்காரத் தம்பி ஒருவனும்தான் முன்னால் வந்து சேர்ந்திருந்தோம். அண்ணன் இடது கையில் ரிதம் பேட், வலது கையில் கீபோர்டு, நடுவில் இடம் கிடைத்தால் குழல் என்று முழு நிகழ்ச்சியையும் ஒப்பேற்றினார்.

முடிந்ததும் கமிட்டிக்காரர் ஒருவர் பொன்னாடையோடு மேடைக்குப் பின்னால் வந்தார். "தபலா வாசிச்சவரு எங்கய்யா?"

"டீ குடிக்கப் போயிருக்காருங்க" என்றார் அண்ணன்.

"அப்ப குழல் வாசிச்சவரு?"

"அவருங் கூடத்தான் போயிருக்காருங்க."

கடைசியில் பொன்னாடையை எனக்கே போர்த்திவிட்டுப் போனார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அண்ணன் மட்டும் ஒன்றும் தெரியாதவர்போல வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு எனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. குரல் மேலே போவது கஷ்டம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாட்டை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? ராத்திரியெல்லாம் அழுதேன்.

ஆனால் திரும்பி வந்து பாடிய முதல் திருவிழாவிலேயே எல்லாப் பாட்டும் பழையபடி வந்தது. என் குரல் திரும்பிவிட்டது என்று முருகனுக்குக் காவடிகூட எடுத்தேன்.

அண்ணன் மகள் கல்யாண வேலையில் இருந்ததால் ஒரு திருவிழாவுக்கு அவருக்குப் பதில் வேறு ஒருவர் கீபோர்டு வாசிக்க வந்தார். அன்றைக்கு எங்கள் எஸ்டேட் ஜனங்கள் முன்னாலேயே என் குரல் உடைந்தது. முதல் பாட்டிலேயே.

அழுதுகொண்டே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அம்மிணி... ஆபரேசனுக்குப் பொறகு உன்ற தொண்டை மேல எட்டுலீங் கண்ணு. நாந்தான் சுருதிய அரைக் கட்டை எறக்கி வாசிச்சுட்டு வந்தேன்."

கீபோர்டில் சுருதியை இறக்கி, மாண்டலின் தந்தியைத் தளர்த்தி, நீளக் குழலாகப் பார்த்து எடுத்து... ஆபரேஷனுக்குப் பிறகு சுருதி வாத்தியங்களை எல்லாம் அவரே எடுத்துக்கொண்டதால் வேறு யாருக்கும் தெரியவில்லை. மேடை ஏறும் முன் "டீ குடிச்சியா அம்மிணி?" என்று கேட்பாரே, அது டீக்காக இல்லையாம். நான் சொல்லும் பதிலில் அன்றைய குரலைப் பிடித்துக்கொள்வாராம்.

"ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?" கோபம்தான் வந்தது எனக்கு.

"சொன்னா பயந்துக்குவே. பயந்தா இன்னும் எட்டாது."

அதற்குப் பிறகும் எந்தக் கட்டையில் வாசிக்கிறார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் பாட்டுக்கு இறக்கினார், நான் பாட்டுக்குப் பாடினேன்.

இன்று மறையூர் வழியாக இறங்கி மத்தியானம்தான் அவர் வீடு போய்ச் சேர்ந்தேன். கூட்டம் அதிகமில்லை. அக்கா, அதாவது அவர் மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுக்கறதுக்கு முன்னால ஒரு பாட்டுப் பாடு கண்ணு. அவருக்கு அது போதும்" என்றார்.

ட்ரூப் தம்பி போனில் சுருதிப்பெட்டி ஆப்பைத் திறந்தான். "அக்கா, எந்தக் கட்டையில வைக்கட்டும்?"

எனக்குத் தெரியவில்லை.

இருபது வருஷமாக மேடையில் பாடுகிறவள். என் குரலுக்கு இன்றைக்கு எந்தச் சுருதி என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

சுருதி இல்லாமலேயே ஆரம்பித்தேன். சரணத்தில் மேலே போகும் இடத்தில் உடைந்துவிட்டது. திரும்பவும் எடுத்தேன். திரும்பவும்...

"போதுஞ் சாமி" என்றார் அக்கா. "உட்டுரு."

பார்த்துப் போங்கண்ணே.