ஏழு வாசகர்களும் ஓர் ஊக்கும்

1. ஏழு பேர்

“நேத்து எத்தன பேரு படிச்சாங்க, புலவரம்மா?”

முதலாளி எட்வர்ட் அண்ணன் கல்லாவிலிருந்தபடியே கேட்டார். திண்டுக்கல்லில் சொட்டுநீர்ப் பாசனச் சாமான் விற்கிற கடை எங்களுடையது. விவசாயிகள் போனில் சொல்லும் புகார்களைக் கேட்டு நோட்டில் எழுதுவது என் வேலை. கடைக்காக ஒரு வலைப்பூ எழுதுகிறேன் என்று நானே கேட்டு வாங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

“ஏழு பேருண்ணே.”

“அதுல நம்ம கடை ஆளுக?”

“நாலு.”

தோட்டங்களில் பைப் மாட்டித்தருகிற பிட்டர் பாண்டி, பைப் அறுத்துக்கொண்டே சிரித்தான். “யக்கா, அதுல ரெண்டு நாந்தான். மொதத் தடவ தெரியாம கை பட்ருச்சு.”

அண்ணன் சிரிக்கவில்லை. “பொங்கல் வரைக்கும் பாப்பேன். ஆளு வரலைன்னா மூடிருவோம். நீங்க போனை மட்டும் பாத்தாப் போதும்.”

நாற்பத்தாறு வயதில்தான் எனக்கென்று எழுத ஓர் இடம் கிடைத்திருந்தது. காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே வரிகளைக் கட்டுவேன். கடை வருவதற்குள் பாதி கலைந்துவிடும், மீதி பாதிக்கே மனசு பறக்கும். அதை மூடப்போகிறார் என்றதும் எப்படியாவது ஆள் சேர்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

2. லிங்க் போட்ட மூன்று வாரம்

அடுத்த மூன்று வாரம் நான் எழுதவேயில்லை. எழுதியிருந்ததையே ஊரெல்லாம் தள்ளிவிட்டேன். அகப்பட்ட வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாம் லிங்க் போட்டேன். பொங்கல் வாழ்த்தை இரண்டு மாதம் முன்பே கலரில் செய்து, கீழே லிங்க் வைத்தேன். பில்லின் பின்பக்கமும் முகவரி அச்சடித்தோம். அகரம் பக்கத்துப் பூ விவசாயிகள் குரூப்பில் காலையும் மாலையும் போட்டதில், அதை நடத்துகிறவர் குரல் பதிவு அனுப்பினார்:

“தாயி, நாங்க இங்க பூ வெல கேக்க வாரோம். ஒங்க கடைப் பெருமைய அங்கிட்டு வச்சுக்கங்க.”

அனுப்பிய கையோடு என்னை நீக்கியும் விட்டார். அன்று பதினொரு பேர் படித்திருந்தார்கள். மறுநாள் பழையபடி ஏழு.

3. நெய்க்காரப்பட்டி போன்

அந்த வாரமே ஒரு போன். நெய்க்காரப்பட்டியில் கத்தரி போட்டிருக்கிற சரசு அக்கா.

“ஏனுங்க, உங்க கடையில எழுதறதெல்லாம் போன்ல படிச்சேனுங்க.”

எனக்கு ஒரே குஷி. “எப்படியிருந்துச்சுக்கா?”

“உங்க கடை நல்ல கடைன்னு நாலு பக்கம் எழுதியிருக்கறீங்க. என்ற டியூப்ல தண்ணி வரலீங்க. அதுக்கு ஒரு வரி அதுல இருக்குதுங்களா?”

இல்லை. ஒரு வரிகூட இல்லை. போனை வைத்துவிட்டுப் புகார் நோட்டைப் புரட்டினேன். தண்ணீர் வரவில்லை, கடைசி வரிசை காய்கிறது, டியூப் அடைக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அதே கேள்விகள். என் கையாலேயே எழுதியிருக்கிறேன்! வாசகர்கள் தினமும் என்னிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைத் தேடிக் குரூப் குரூப்பாக அலைந்திருக்கிறேன்.

மறுநாளே பாண்டியோடு பஸ் ஏறினேன். சரசு அக்கா தோட்டத்தில் முன்வரிசைகளில் சேறு. கடைசி நாலு வரிசையில் கத்தரி தலை தொங்கிக் கிடந்தது. முன்வரிசையில் குனிந்து டியூபைப் பார்த்தேன். போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. தண்ணீர் சொட்டுகிற ஓட்டைகள் பெரிதாகக் கிழிந்திருந்தன.

“இது எப்படிக்கா?”

“ஊக்குல குத்திவுட்டனுங்க. அடைச்சா குத்திவுடச் சொன்னது உங்க ஆளுதானுங்களே.”

பாண்டி மோட்டார் ரூம் பக்கம் போய் நின்றுகொண்டான். முன்னால் ஓட்டை பெரிதானால் தண்ணீரெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். கடைசிக்குப் போக அழுத்தம் இருக்காது. அது அவனுக்கும் தெரியும். அவசரத்துக்கு அவன் சொன்ன யோசனை, தோட்டம் தோட்டமாகப் பரவியிருந்தது.

“யக்கா, எழுதுனா எம் பேரைப் போட்ராதீங்க” என்றான் பஸ்ஸில்.

4. “நாங்கள்தான் சொன்னோம்”

எழுதியதை அண்ணனிடம் நீட்டினேன். ‘டியூப்பில் தண்ணீர் வரவில்லையா? ஊக்கால் குத்தாதீர்கள்’ என்று தலைப்பு. இரண்டாவது வரி: ‘குத்தச் சொன்னது எங்கள் கடைதான். தப்பு எங்களுடையது.’

“நம்ம தப்ப நாமளே ஊருக்குச் சொல்றதா? கிறுக்கா புடிச்சிருக்கு?”

“அந்த வரியை எடுத்தா, குத்துனவங்க யாரும் நம்மள நம்ப மாட்டாங்கண்ணே.”

“மூடத்தான் போறோம். என்னமும் பண்ணுங்க.”

பண்ணினேன். டியூபின் கடைசி மூடியைத் திறந்து, தண்ணீர் தெளிந்து வரும்வரை ஓடவிடுவது எப்படி, உப்புக்கு ஆசிட் விடுவது எப்படி, ஆசிட்டில் தண்ணீர் ஊற்றாமல் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், கிழிந்த டியூபை மாற்றுவதைத் தவிர வழியில்லை... சரசு அக்கா சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் நின்று விளக்கினேன். அவருடைய முன்வரிசை டியூபுகளைப் பாண்டியே மாற்றிவிட்டுப் படம் எடுத்துவந்தான். லிங்கை எங்கேயும் போடவில்லை.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் போன் அடிக்க ஆரம்பித்தது. “நானும் குத்திட்டேம்மா” என்று காந்திகிராமத்துப் பக்கமிருந்து ஒருவர். “மூடியத் திறந்தா சேறா வருது, எம்புட்டு நேரம் விடணும்?” என்று இன்னொருவர். கேள்வி வந்த அன்றே பதிலைப் பதிவில் சேர்த்தேன். சேர்க்கச் சேர்க்க ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்துத் தோட்டக்காரருக்கு அனுப்பியிருந்தார்கள். என்னை நீக்கிய பூக்காரர் குரூப்பிலும் யாரோ அதைப் போட்டார்களாம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

5. சல்லடை

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். “அப்பு, கடைசி மூடி பத்தி எழுதியிருந்தீகளே, அந்த மூடியக் காட்டுங்க” என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் விழித்தார். அன்று நான் நீட்டியபோது இரண்டாவது வரிக்கு மேல் அவர் அந்தப் பதிவைப் படித்ததேயில்லை. பெரியவர் தன் போனை எடுத்துக் கொடுத்தார். அண்ணன் நின்றபடியே கடைசிவரை படித்தார். ‘தப்பு எங்களுடையது’ என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றதைப் பார்த்தேன்.

பெரியவர் போனபிறகு அண்ணன் என் மேசைக்கு வந்தார். எத்தனை பேர் என்று கேட்கப் போகிறார் என எண்ணிக்கையைத் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை.

“கிணத்துத் தண்ணியில பாசி வரும். நாம விக்கிற சல்லடை பில்டரு அதுக்குத் தாங்காது. அதையும் எழுதுங்க.”

“அண்ணே, அது குடோன்ல நெறயக் கெடக்கு.”

“போர் தண்ணிக்காரங்க வாங்கட்டும். கிணத்துக்காரங்க ஏமாறக் கூடாதுல்ல?”

புதிதாக எழுத வருகிற உங்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். எழுத உட்காரும்போது எத்தனை பேர் படிப்பார்கள் என்று எண்ணாதீர்கள். படித்து முடித்து எழுந்து போகிற ஒருவர், தன் கையால் எதைச் சரிசெய்வார் என்று கேளுங்கள். பதில் இருந்தால் எழுதுங்கள்.

நான் அன்றைக்கே குடோனுக்குப் போய் ஒரு பில்டரைப் பிரித்துப் போட்டு, சல்லடையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முதல் வரியைத் தேட ஆரம்பித்தேன்.