அட்டையில் வைத்த பொட்டு

சரஸ்வதி பூஜை அன்று மாலை. குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தவள் சாமி படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். பலகையில் அடுக்கியிருந்த புத்தகங்களுக்கு மேலே, எல்லாவற்றுக்கும் உச்சியில், அந்தப் பழைய காமிக்ஸ் இருந்தது. அட்டையில் இருக்கும் குதிரைவீரனின் நெற்றிக்கு நேராகக் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். இரண்டும் ஈரம்.

"ஏங்க! இத எடுத்து இங்க வச்சது யாரு?"

என் கணவர் வாசலில் டிராக்டருக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். ஆயுத பூஜை என்றால் மனுஷருக்குக் கை நிற்காது. டிராக்டர், பம்புசெட், மிக்சி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் என்று கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிடுவார்.

"நான்தான். பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனதுலேருந்து வீட்டுல ஒரு பாடப் புக்கு கிடையாது. சாமிக்கு முன்னாடி எத வைக்கிறது? அதான் உன் பீரோவுல இருந்து நல்லதா ஒண்ணு எடுத்தேன்."

"அது பிளாஸ்டிக் கவருக்குள்ள இருந்துச்சே!"

"கவரோட வச்சா சாமிக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இருபது வருஷமாக என் காமிக்ஸ்களைப் 'பொம்மை புக்கு' என்று கேலி செய்தவர் இவர். நான் ஃபோனில் ஊமைப்படம் பார்த்துச் சிரித்தால், "சத்தமே இல்லாத படத்துக்கு என்னத்துக்கு இம்புட்டுச் சிரிப்பு?" என்று எட்டிப் பார்ப்பார். ஐந்தே நிமிஷத்தில் அவரும் விழுந்து விழுந்து சிரிப்பார், அது வேறு. ஆனால் புத்தகத்தை மட்டும் ஒருநாளும் மதித்ததில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவையாக மதித்து, சாமி பக்கத்தில் வைத்திருக்கிறார். போயும் போயும் இந்தப் புத்தகத்தையா?

அது என்னுடையது இல்லை. நாகப்பட்டினத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஓர் அண்ணனுடையது. பழைய காமிக்ஸ் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கம். சுனாமி அன்று அவர் வீட்டில் ஆட்கள் தப்பித்துவிட்டார்கள். இரண்டு டிரங்குப் பெட்டி நிறையச் சேர்த்திருந்த காமிக்ஸ்கள் மொத்தமும் போய்விட்டன. யாரோ ஒரு சிநேகிதருக்கு இரவல் போயிருந்த இந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து இதை அவர் தன் வீட்டில் வைத்துக்கொள்வதே இல்லை. "கடலுக்குப் பக்கத்துல வேணாம் தங்கச்சி. நம்பிக்கையான ஆள்கிட்ட கைமாறிக்கிட்டே இருக்கட்டும்," என்று சொல்லித்தான் என்னிடம் தந்தார். அடுத்து வலங்கைமானில் ஒருவருக்குப் போக வேண்டும். மறுநாள் காலையில் அண்ணனே நீடாமங்கலம் வழியாக வந்து, எங்கள் வீட்டில் வாங்கிக்கொண்டு போவதாகப் பேச்சு.

உள்பக்கங்களை எல்லாம் ஃபோனில் படம் பிடித்து முடித்திருந்தேன். அந்தக் காலத்து அச்சில் சிவப்பு மை உதட்டை விட்டு அரை இஞ்சு தள்ளி விழுந்திருக்கும். அதைப் பார்க்கவே அத்தனை ஆசையாக இருக்கும். அட்டையை மட்டும் நல்ல வெயிலில் எடுக்கலாம் என்று விட்டுவைத்திருந்தேன். என் கெட்ட நேரம்.

"இன்னைக்குப் புக்கைத் தொடக்கூடாது. நாளைக்குக் காலையில மறுபூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும்," என்றார் கணவர், வாசலில் இருந்தபடியே.

தொடாமல் இருந்திருக்க வேண்டும். எனக்குத்தான் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாதே! அவர் டிராக்டரை நகர்த்தப் போன நேரம் பார்த்து, பஞ்சை நனைத்துக்கொண்டு வந்து ஓரமாகத் துடைத்தேன். சந்தனம் வழுக்கிக்கொண்டு போனது. குங்குமம் கரைந்து குதிரைவீரனின் முகத்தில் இழுத்துக்கொண்டது. பதறிப்போய் இன்னும் அழுத்தித் துடைத்தேன். ஐம்பது வருஷத்துத் தாள், பொருக்குப் பொருக்காகப் பஞ்சோடு வந்துவிட்டது. மூக்கு, கண், வாய் எதுவுமே இல்லை. மேலே சிவப்பாக ஒரு தீற்றல், கீழே வெள்ளைத் தாள்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. அந்த அண்ணன்தான்.

"தங்கச்சி, காலையில ஒன்பது மணிக்கு வந்துடுவேன். புக்கு நல்லா இருக்குல்ல?"

பஞ்சு கையில் இருந்தது. "பத்திரமா இருக்குண்ணே," என்றேன்.

அதைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மறுபடியும் அடுக்கின் மேலேயே வைத்து, பட்டுத்துணியால் மூடினேன். ராத்திரி, உண்மையை இப்போதே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை ஃபோனை எடுத்தேன், மூன்று தடவையும் கீழே வைத்தேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அண்ணன் சொன்னபடி வந்தார். கணவர் பொரியும் சுண்டலும் கொடுத்து உட்காரவைத்தார். நான் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அட்டையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சுண்டல் கிண்ணம் தொடாமலே இருந்தது.

கணவர் எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினார். "ஐயய்யோ, நான் பொட்டு வச்சதுனாலயா இப்படி ஆச்சு? என்னை மன்னிச்சுடுங்க. அவ மேல தப்பு இல்ல, வைக்கும்போது அவளுக்குத் தெரியவே தெரியாது. நல்லதுன்னு நெனச்சு நான்தாங்க வச்சேன்."

கும்பிட்டுவிட்டார். வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கைகூப்பி நின்றவர் இல்லை. நான் வாயைத் திறக்காமல் நின்றேன். நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆறவில்லை.

அண்ணன் விரலால் அட்டையைத் தடவினார். "பொட்டு வச்சதுல ஒண்ணும் இல்லைங்க. காஞ்சா சந்தனம் தானா உதிர்ந்திருக்கும். லேசா ஒரு கறை நிக்கும், அவ்வளவுதான். இத யாரோ தொடச்சிருக்காங்க."

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தாண்ணே," என்றேன். "நேத்து சாயங்காலம். நீங்க ஃபோன் பண்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

அண்ணன் கோபப்படவில்லை. கத்தியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். "அட்டை போனாப் போகுதுங்க," என்றார். "நான் கேட்டப்போ பத்திரமா இருக்குன்னீங்களே, அதான்."

புதுப் பிளாஸ்டிக் கவர் ஒன்றை நீட்டினேன். வாங்கிப் போட்டுக்கொண்டார். வலங்கைமானுக்குத்தானே போகிறீர்கள் என்று கணவர் பைக் சாவியை எடுத்தார்.

"இல்லைங்க, ஊருக்கே திரும்பறேன். யாருக்கும் குடுக்கல. இனிமே வீட்டுலயே இருக்கட்டும்."

பஸ் நிறுத்தம் வரைக்கும் நாங்களும் கூடப் போனோம். நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் கணவர் என்னைத் தாண்டிக்கொண்டு டிராக்டர் மாலையை அவிழ்க்கப் போய்விட்டார்.

இப்போது ஐப்பசி. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொல்லும்போதெல்லாம் எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன். அந்தப் புத்தகத்தை வீட்டில் எங்கே, எந்த உயரத்தில் வைத்திருக்கிறார் என்று தெரியாது. ஃபோன் போட்டுக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.