மயானப் பாதை மனுதாரர்

வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றபின், திங்கட்கிழமைகளில் தாலுகா அலுவலக வாசலில் அமர்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக்கொடுத்தேன். ஒரு பங்குத்தந்தையை அங்கேதான் சந்தித்தேன். ஒல்லியான மனிதர், அங்கியின் ஓரமெல்லாம் செம்மண்.

இலுப்பூர்ப் பக்கத்துக் காலனிக்கு மயானப் பாதை கேட்டு வருவார். பிணத்தை ஒருவருடைய வயல் வரப்பில் தடுமாறித் தூக்கிப்போகிற காலனிக்காரர்கள், அந்த வயல்காரரிடமே கூலிக்குப் போகிறவர்கள். அதனால் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. மனுதாரர் இவர் ஒருவர்தான்.

மனு கொடுத்த ரசீதுகளை ஜெபப் புத்தகத்தில் செருகிச் செருகி, அது மூடாமல் ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

"பூசைக்கு லேட்டுன்னு பங்குல கோவிச்சுக்கிறாங்க. கோயில் வேலையப் பாருங்க சாமின்னு இங்க வெரட்டுறாங்க. நான் எங்கிட்டுத்தான் போறது?" என்று சிரிப்பார்.

கடைசியாக வந்தபோது, ஆயர் அவரை வேறு பங்குக்கு மாற்றியிருந்தார்.

"நான் போயிட்டா மனு என்னங்க ஆகும்?"

மனுதாரர் ஊரில் இல்லை என்று எழுதி, கோப்பை முடித்துவிடுவார்கள். அந்த வரியை நானே எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன்.

"நடக்குங்க ஃபாதர்" என்றேன்.

"நீங்களும் இங்க வேல பாத்தவருதானே" என்று சிரித்தார். பிறகு உள்ளே போய் அன்றைய மனுவையும் கொடுத்து, ரசீதைப் புத்தகத்தில் செருகி, ரப்பர் பேண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

நடக்காது என்று தெரிந்தே அந்த மனுவை ஏன் கொடுத்தார் என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.